தந்தை நுழைய முடியாத வாசல்

பழைய மாணவிகள் சங்கங்கள் மலர் வெளியிடும்போது அதிபர்களையும் ஆசிரியைகளையும் நினைவுகூர்வது வழக்கம். அது முறையானதே. கடல் கடந்து வந்து இந்த மண்ணிலேயே மடிந்த மிசனரி அம்மாமாரின் படங்களுக்கும் முன்பக்கங்களில் இடம் இருக்கும். ஆனால் எங்கள் ஒவ்வொருவரின் பெயரும் பாடசாலைச் சேர்வு இடாப்பில் ஏறிய அன்று பக்கத்து நிரலில் இன்னொரு பெயரும் எழுதப்பட்டது. அது தந்தையின் பெயர். அந்த நிரலைப் பற்றி எந்த மலரிலும் ஒரு கட்டுரை வாசித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

கிறிஸ்தவத் தந்தை என்றால் யார் என்று எங்கள் ஊர்களில் கேட்டால், மாலை ஜெபத்தைத் தவறாமல் நடத்துகிறவர், ஞாயிறு ஆராதனையில் பிள்ளைகளை முன்வாங்கில் இருத்துகிறவர், வேதவசனம் ஒப்புவிக்காத பிள்ளைக்குச் சோறு போட விடாதவர் என்று விடை வரும். அதில் குறை சொல்ல நான் வரவில்லை. என் ஐயாவும் அந்த வகைதான். ஆயினும் பிள்ளை எதைக் கேட்டு விசுவாசிக்கிறது, எதைப் பார்த்து விசுவாசிக்கிறது என்ற கேள்வி வீட்டு ஜெபத்தோடு தீர்ந்துவிடுவதில்லை. அதை விளங்கிக்கொள்ள நமக்குப் பக்கத்திலேயே ஒரு குடும்பத்தின் வரலாறு இருக்கிறது. பண்டத்தரிப்பில் தொடங்கி வேலூரில் பெருமரமாகிய ஸ்கடர் குடும்பத்தின் கதை அது. வேலூர் வைத்தியசாலையை அறியாத யாழ்ப்பாணத்தவர் குறைவு. அந்த வைத்தியசாலையை நிறுவிய அம்மையாரின் தந்தை சாவகச்சேரியில் பிறந்தவர் என்பதை அறிந்தவர்கள் அதிலும் குறைவு.

பாட்டனார் ஜோன் ஸ்கடர் 1793இல் அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்தில் பிறந்தார். பிறின்ஸ்டனில் கற்று, நியூயோர்க்கில் வைத்தியப் படிப்பை முடித்து, அந்நகரிலேயே தொழில் நடத்தினார். 1816இல் ஹரியட் வாட்டர்பெரியை மணந்தார். நோயாளியாயிருந்த ஒரு பெண்மணியைப் பார்க்கச் சென்ற வீட்டில், காத்திருந்த நேரத்தில் கைக்கெட்டிய ஒரு சிறு பிரசுரத்தை எடுத்து வாசித்தார். உலகில் அறுபது கோடி மக்களுக்குச் சுவிசேஷம் எட்டவில்லை என்று பேசிய பிரசுரம் அது. எழுதியவர்கள் பம்பாயில் பணியாற்றிய கோர்டன் ஹோலும் சாமுவேல் நியூவெலும். இவர்களில் நியூவெல் முன்னர் இலங்கைக்கு வந்து தங்கி, யாழ்ப்பாணத்தை மிசன் ஊழியத்துக்கு ஏற்ற களமென்று பரிந்துரைத்தவர். நியூயோர்க்கில் ஒரு நோயாளி வீட்டிலிருந்து பண்டத்தரிப்புக்கு வழி அப்படித் திறந்தது.

ஸ்கடரின் தந்தை மகனின் தீர்மானத்தைக் கடுமையாக எதிர்த்தார். பெயரும் வருவாயும் உள்ள தொழிலை விட்டு, பெண்ணையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு காணாத தேசத்துக்குப் போவதை எந்தத் தந்தைதான் விரும்புவார்? ஆகவே பிற்காலத்தில் ஏழு மிசனரிமாருக்குத் தந்தையான இந்த மனிதர், தன் தந்தையின் சொல்லைத் தட்டிக்கொண்டே அந்தப் பாதையில் இறங்கினார். ஐந்தாம் கற்பனையைப் பிள்ளைகளுக்கு அழுத்தமாய்ப் போதிக்கிற நாம் இந்த இடத்தைக் கொஞ்சம் விரைவாகவே கடந்துபோய்விடுகிறோம்.

1819 ஜூன் 8ஆம் திகதி பொஸ்டனிலிருந்து இந்துஸ் என்ற கப்பல் புறப்பட்டது. ஸ்கடர் குடும்பத்தோடு வின்ஸ்லோ, ஸ்போல்டிங், வூட்வேர்ட் தம்பதியரும் அதில் இருந்தனர். அந்தக் கப்பலில் வந்த ஹரியட் வின்ஸ்லோ அம்மையாரே 1824இல் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடங்கியவர். கப்பல் கல்கத்தாவை அடைந்த சில நாட்களில் ஸ்கடர் தம்பதியரின் குழந்தை மரியா இறந்தாள். இலங்கைக்கு வந்து சேர்ந்தபோது அவர்கள் கையில் பிள்ளை இல்லை.

பண்டத்தரிப்பில் பாழடைந்து கிடந்த பழைய தேவாலயத்தையும் குருமனையையும் திருத்திக்கொண்டு ஸ்கடர் குடியேறினார். 1820இல் குருப்பட்டமும் பெற்றார். அமெரிக்கா வெளிநாட்டுக்கு அனுப்பிய முதலாவது மருத்துவ மிசனரி என்று வரலாறு அவரைச் சொல்கிறது. அதே காலத்தில் இலங்கையின் பிரித்தானிய அரசாங்கம் மேலதிக அமெரிக்க மிசனரிமார் வருவதற்கு அனுமதி மறுத்துவிட்டது. அந்தத் தடை 1833வரை நீடித்தது. அதனால் வாந்திபேதி பரவிய ஆண்டுகளிலும் வலிகாமத்துக்கு மிசன் வைத்தியர் அந்த ஒருவரே. காலையில் நோயாளரைப் பார்ப்பார், பிரசங்கிப்பார், தமிழ் இளைஞர் சிலருக்கு வைத்தியம் கற்பிப்பார், கிராமப் பாடசாலைகளைப் பார்வையிடுவார். பின்னர் சாவகச்சேரிக்கு மாறினார். 1836இல் சென்னைக்குப் போய் வின்ஸ்லோவோடு சேர்ந்து அங்கே புதிய மிசனைத் தொடக்கும்வரை யாழ்ப்பாணமே அவரது வீடு.

பிள்ளைகள் இங்கேதான் பிறந்தார்கள். ஹென்றி மார்ட்டின் 1822இல் பண்டத்தரிப்பில் பிறந்தார். மற்றவர்களும் அடுத்தடுத்து இந்த மண்ணில் பிறந்தவர்கள். ஆனால் அவர்களை இங்கே வைத்து வளர்க்கப் பெற்றோர் துணியவில்லை. அக்காலத்து அமெரிக்க மிசனரிமார் பிள்ளைகளைச் சிறுவயதிலேயே தாய்நாட்டு உறவினரிடம் அனுப்பிவிடுவார்கள். கடிதம் போய் மறுகடிதம் வர ஓராண்டு செல்லும். வின்ஸ்லோ தம்பதியர் அனுப்பிய மகன் சார்ள்ஸ் 1832இல் நியூயோர்க்கில் பதினொரு வயதில் இறந்தான். அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் தாயும் உடுவிலில் கண்மூடினார். நம் பாடசாலைகளின் ஆரம்பத்தைக் கொண்டாடும்போது, பிறர் பிள்ளைகளைத் தம் விடுதியில் சேர்த்தவர்கள் தம் பிள்ளைகளைத் தூர அனுப்பினார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இதைத் தியாகம் என்று மட்டும் எழுதிவிட என் மனம் இசையவில்லை. அந்தத் தியாகத்தின் ஒரு பங்கை, சம்மதம் கேட்கப்படாமல், பிள்ளைகளும் கொடுத்தார்கள்.

ஸ்கடர் ஓயாமல் எழுதியவர். அமெரிக்கச் சிறுவருக்கென்றே கடிதங்களும் நூல்களும் எழுதினார். 1842 முதல் 1846வரை உடல்நலம் குன்றித் தாய்நாட்டில் நின்ற காலத்தில் ஊரூராகச் சென்று ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்குப் பேசினார் என்பார்கள். அந்த எழுத்துக்களில் நம் முன்னோரின் சமயத்தையும் வழக்கங்களையும் பற்றி அவர் எழுதிய விதம் இன்று வாசிக்கக் கசப்பாயிருக்கும். எங்களோடு ஒரே வாங்கில் இருந்து படித்த சைவத் தோழியரிடம் அவற்றை வாசித்துக்காட்ட எனக்கு முகம் வராது. வாந்திபேதிக்காரனின் பக்கத்தில் அஞ்சாமல் அமர்ந்த அதே மனிதரின் பேனாதான் அப்படியும் எழுதியது.

தாயைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒவ்வொரு பிள்ளையின் பிறந்தநாளையும் ஹரியட் அம்மையார் அந்தப் பிள்ளைக்கான ஜெபத்திலேயே கழிப்பார் என்பது குடும்பம் காத்துவந்த செய்தி. பிள்ளை கடலுக்கு அப்பால் இருந்தாலும் அந்த நாள் தவறாது. 1849இல் அவர் சென்னையில் காலமானார். தந்தை 1855 ஜனவரியில், சுகம் தேடிச் சென்ற தென்னாபிரிக்காவின் வின்பேர்க்கில் இறந்தார்.

தூர அனுப்பப்பட்ட பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். ஒரு மகன் மாணவனாயிருக்கையிலேயே இறந்தார். மற்ற ஏழு ஆண்மக்களும் மிசனரிமாராகத் தென்னிந்தியாவுக்கு வந்தனர். பெண்மக்கள் இருவரும் வந்தனர். ஹென்றி, வில்லியம், ஜோசப் என்ற மூவரும் 1853இல் ஆர்க்காட்டு மிசனை நிறுவினார்கள். நான்கு தலைமுறைகளில் இந்தக் குடும்பத்தில் நாற்பதுக்கு மேற்பட்டோர் இந்தப் பணியில் ஈடுபட்டனர். ஏன் வந்தார்கள்? தந்தையின் சொல் காரணம் என்றால், ஆண்டுக்கணக்கில் அந்தச் சொல் அவர்கள் காதில் விழவே இல்லை. கடிதம் காரணம் என்றால், கடிதத்தைப் படித்துவிட்டு மடித்துவைத்த பிள்ளைகள் உலகில் ஏராளம். விறாந்தையில் விடியுமுன் வந்து காத்திருக்கும் நோயாளரையும், அவர்களுக்குள் இறங்கிப்போகும் தகப்பனையும் அவர்கள் சிறுவயதில் கண்டிருந்தார்கள். அந்தக் காட்சி கடலைக் கடந்து அவர்களோடு போயிருக்க வேண்டும் என்பதே என் எண்ணம்.

கடைசி மகன் ஜோன், 1835இல் சாவகச்சேரியில் பிறந்தவர். தந்தை இறந்தபோது பத்தொன்பது வயது மாணவர். றட்கர்ஸ் கல்லூரியில் பட்டம் பெற்று, இறையியலும் வைத்தியமும் கற்று, 1861இல் ஆர்க்காட்டு மிசனுக்கு வந்தார். சகோதரர்களைப்போல இவரைப் பற்றிப் பெரிதாக எழுதப்படவில்லை. பாட்டனுக்கும் பேத்திக்கும் இடையில் ஒரு வரியாகவே இவர் வரலாற்றில் நிற்கிறார். எனக்கோ இந்தக் குடும்பத்தில் மிகவும் பிடித்தவர் இவர்தான்.

இவருக்கும் மனைவி சோபியாவுக்கும் ஐந்து ஆண்மக்கள். ஆறாவதாக, ஒரே பெண்ணாக, 1870 டிசம்பர் 9ஆம் திகதி இராணிப்பேட்டையில் ஐடா பிறந்தாள். 1876 முதல் 1878வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும்பஞ்சத்தில், எழுந்து வந்து வாங்கவும் பலமில்லாத குழந்தைகளின் வாயில் பாண்துண்டு ஊட்டுவது அந்தச் சிறுமியின் வேலையாயிருந்தது. வீதியோரம் கிடந்த பிணங்களையும் அவள் கண்டாள். பின்னர் குடும்பம் ஓய்வுக்காக அமெரிக்கா சென்றது. 1882இல் தந்தை மட்டும் இந்தியா திரும்பினார். அடுத்துத் தாயும் போனார். ஐடா சிக்காகோவில் உறவினர் வீட்டில் விடப்பட்டாள். தாய் புறப்பட்ட இரவில் அவரது வெறுங்கட்டிலில் விழுந்து அழுதாள் என்று ஐடாவின் வாழ்க்கை வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். ஹென்றிக்கும் சார்ள்ஸ் வின்ஸ்லோவுக்கும் நேர்ந்தது இவளுக்கும் நேர்ந்தது.

எனவே மாசச்சூசெற்சில் நோர்த்ஃபீல்ட் பெண்கள் கல்லூரியில் படித்து, குறும்பும் கலகலப்புமாக வளர்ந்த ஐடா ஒரு தீர்மானத்தோடு இருந்ததில் வியப்பில்லை. ஸ்கடர் என்ற பெயர் இருப்பதற்காக இன்னொரு ஸ்கடர் மிசனரி ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வெயில், பஞ்சம், பிரிவு எதுவும் தனக்கு வேண்டாம். 1890இல் தாய் சுகவீனமுற்றதால் அவள் திண்டிவனத்துக்கு வந்தாள். தாயைப் பார்த்துவிட்டுத் திரும்புவதே எண்ணம்.

அதற்குப் பின் ஓரிரவு நடந்ததை நம் பாடசாலை ஆராதனைகளில் பலமுறை கேட்டிருக்கிறோம். கேட்டுக் கேட்டு அதன் கூர் மழுங்கிவிட்டது. மறுபடியும் நிதானமாய்ப் பார்ப்போம்.

ஐடா விளக்கடியில் இருக்கிறாள். விறாந்தையில் காலடி கேட்கிறது. ஒரு பிராமண இளைஞர். அவருடைய இளம் மனைவிக்குப் பிரசவ வேதனை, மருத்துவிச்சியால் இனி ஆவதில்லை. அமெரிக்காவிலிருந்து வந்த அம்மா உதவவேண்டும் என்கிறார். எனக்கு வைத்தியம் தெரியாது, என் அப்பாதான் வைத்தியர், அவரை அழைத்து வருகிறேன் என்கிறாள் ஐடா. அவர் பின்வாங்குகிறார். வேற்று ஆண் தம் மனைவியின் முகம் பார்ப்பதைவிட அவள் சாவதே மேல் என்று சொல்லிவிட்டுப் போகிறார். சற்றுப் பின் இன்னொரு காலடி. இம்முறை ஒரு முஸ்லிம் கணவர். அதே வேண்டுதல், அதே மறுப்பு. தந்தையே எழுந்து வந்து, மகளும் கூடவருவாள், என்ன செய்யவேண்டும் என்று நான் சொல்லிக்கொடுக்கிறேன் என்று எடுத்துரைத்தும் பயன் இல்லை. மூன்றாவதாக வந்தவர் உயர்சாதி இந்து ஒருவர். அவரும் அப்படியே போனார். அந்த இரவு ஐடா தூங்கவில்லை. விடிந்ததும் ஊருக்குள்ளிருந்து பறையொலி வந்தது. விசாரிக்க ஆள் அனுப்பினாள். மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் மூன்று கணவரையும் மூடத்தனத்தின் உருவங்களாகக் காட்டுவார்கள். அது நியாயமல்ல. மனைவி பிழைக்கவேண்டும் என்ற தவிப்பினால்தானே நள்ளிரவில் அந்நிய வீட்டுப் படியேறினார்கள். அவர்களைக் கட்டிவைத்திருந்த வழக்கம் அவர்களைவிடப் பெரியது. நம் ஊர்களிலும் அந்த வழக்கம் இருந்தபடியால்தான் மானிப்பாயில் டொக்டர் கிறீன் பல ஆண்டு பாடுபட்டுத் தமிழில் வைத்தியம் கற்பித்த பின்னரும், பெண்களுக்கென்றே 1898இல் இணுவிலில் மக்லியோட் வைத்தியசாலையைப் பெண் வைத்தியர்களைக் கொண்டு தொடங்க வேண்டியிருந்தது.

நான் பார்க்கச் சொல்வது அந்தத் தந்தையை. படிப்பு இருந்தது, கருவிகள் இருந்தன, முப்பது ஆண்டு அனுபவம் இருந்தது, எழுந்து போக மனமும் இருந்தது. கைக்கெட்டும் தூரத்தில் மூன்று உயிர்கள். வாசல் திறக்கவில்லை. பாட்டனாரின் பிள்ளைகள் தந்தையின் வெற்றியைக் கண்டு பின்தொடர்ந்தார்கள் என்று சொல்லலாம். ஐடா கண்டது தந்தையின் இயலாமையை. தன்னால் முடியாததை மகளுக்கு மறைக்காத ஒரு தகப்பனை அவள் அந்த இரவில் கண்டாள். இந்த வேலையை நீ செய்யவேண்டும் என்று அவர் கட்டளையிட்டதாக எந்த வரலாறும் சொல்லவில்லை. காலையில் அவளேதான் பெற்றோரிடம் வந்து, அமெரிக்கா சென்று வைத்தியம் படிக்கப்போவதாகச் சொன்னாள். தந்தை மறித்தாரில்லை. ஒரே மகள், விவாகம் செய்துவைக்கவேண்டிய வயது, இனி எட்டுப் பத்து வருடம் போய்விடுமே என்று கணக்குப் பார்த்தாரில்லை. நம் அயலில் எத்தனை வீடுகளில் அந்தக் கணக்கு ஒரு நல்ல மாணவியின் படிப்பை முடித்துவைத்தது என்பது நமக்குத் தெரியும்.

பிலடெல்பியாவில் பெண்கள் வைத்தியக் கல்லூரியில் ஐடா சேர்ந்தார். பின் கோர்னெல் பல்கலைக்கழகம் தன் வைத்தியக் கல்லூரியைப் பெண்களுக்குத் திறந்ததும் அங்கே மாறி, 1899இல் பட்டம் பெற்றார். வேலூரில் பெண்களுக்கு ஒரு வைத்தியசாலை கட்ட ஷெல் என்ற வங்கியாளர் தம் மறைந்த மனைவியின் நினைவாகப் பத்தாயிரம் டொலர் கொடுத்தார். 1900ஆம் ஆண்டின் முதல் நாளில் ஐடா வேலூரில் தந்தையின் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

தந்தையோடு சேர்ந்து வேலை செய்து, நாற்பது வருட அனுபவத்தைக் கற்றுக்கொள்ளலாம் என்பதே மகளின் எதிர்பார்ப்பு. அது நடக்கவில்லை. அந்த மே மாதத்திலேயே ஜோன் ஸ்கடர் கொடைக்கானலில் இறந்தார். தந்தையைத் தேடிவந்த நோயாளர் மகளிடம் வரத் தயங்கினர். பங்களாவில் ஒரு சிறு அறை, ஒரு யன்னல், அனுபவமற்ற ஒரு பெண் வைத்தியர். ஆயினும் இரண்டு ஆண்டுகளில் சுமார் ஐயாயிரம் பேர் அந்த இடத்துக்கு வந்தார்கள். 1902இல் ஷெல் வைத்தியசாலை திறந்தது. 1909இல் தாதியர் பாடசாலை.

பெண்களுக்கு வைத்தியக் கல்லூரி ஒன்று தொடங்க ஐடா அனுமதி கேட்டபோது, மூன்று பெண்கள் விண்ணப்பித்தாலே பெரிய காரியம் என்று மாகாணத்தின் தலைமை வைத்திய அதிகாரி சொன்னாராம். விண்ணப்பித்தவர் 151 பேர். 1918இல் 17 மாணவிகளோடு கல்லூரி தொடங்கியது. அவர்களில் 14 பேர் படிப்பை முடித்தார்கள். முதலாண்டுப் பரீட்சையில் மாகாணத்து ஆண் மாணவரில் ஐந்துக்கு ஒருவரே சித்தியடைந்தார். வேலூர்ப் பெண்கள் ஒருவர் தவறாமல் சித்தியடைந்தார்கள். இந்தப் பெண்களையும் யாரோ சில தகப்பன்மார்தான் ரயிலேற்றி அனுப்பியிருப்பார்கள். பெண்பிள்ளை பிணத்தைத் தொட்டு அறுக்கப் படிப்பதா என்று ஊர் கேட்ட கேள்விக்கு அவர்களே முகங்கொடுத்திருப்பார்கள். அவர்களுடைய பெயர்களை எந்தக் கல்வெட்டிலும் யாரும் பொறிக்கவில்லை.

ஐடா மணம் செய்யவில்லை. தாய் சோபியா 1925இல் இறக்கும்வரை மகளோடு வேலூரிலேயே இருந்தார். சகோதரனின் மகளான இன்னொரு ஐடாவும் வைத்தியராகி அங்கேயே வந்து சேர்ந்தார். 1947இல் கல்லூரி ஆண் மாணவரையும் சேர்த்துக்கொண்டது. ஓய்வுபெற்ற பின் டொக்டர் ஐடா ஸ்கடர் கொடைக்கானலில் வாழ்ந்தார். தந்தை இறந்த அதே மலையில், அதே மே மாதத்தில், அறுபது ஆண்டுகளுக்குப் பின் 1960இல் அவரும் காலமானார். சாவகச்சேரியில் பிறந்த அந்தத் தந்தை நுழைய முடியாமல் நின்ற வீடுகளுக்குள் அதற்குள் பெண் வைத்தியர்கள் நூற்றுக்கணக்கில் நுழைந்திருந்தார்கள்.